ஹுன்னஸ்கிரியச் சந்தியில் ஒரு ‘நோ புவேதோ’

ஸ்பானிய மொழி வழிகாட்டிகளாக இந்த வருடம் உரிமம் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பாராட்டுக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, வினைச்சொற்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றீர்கள். நான் எழுந்து நின்றதும் ஒலிபெருக்கி செத்தது. அதை உயிர்ப்பிப்பதற்குள் புரியாணி வந்துவிட்டது. புரியாணிக்கு முன்னால் எந்த வினைச்சொல் நிற்கும்? அதனால்தான் எழுதித் தருகிறேன். வாசிக்க விருப்பமில்லாதவர்கள் இப்போதே மடித்து வைத்துவிடலாம், எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை.

உங்களுக்கு வேண்டியது அட்டவணை என்றால் அது உங்கள் புத்தகத்திலேயே கட்டம் போட்டு இருக்கிறது. நான் ஒருமுறைதான் சொல்வேன். பொதேர் என்றால் முடிதல், இயலுதல். ‘என்னால் முடியும்’ என்பதற்குப் புவேதோ. உன்னால் என்றால் புவேதேஸ், அவரால் என்றால் புவேதே, அவர்களால் என்றால் புவேதேன். சொல்லின் வேரில் இருந்த ஒகரம் உடைந்து ‘உவே’ என்று ஆகிவிடுகிறது. ‘நம்மால்’, ‘உங்களால்’ என்று வரும் இடங்களில் மட்டும் உடையாமல் அப்படியே நிற்கும்: பொதேமொஸ், பொதேயிஸ். தூங்குதல் என்ற தொர்மீரும், திரும்புதல் என்ற பொல்பேரும் இதே குணம் படைத்தவை. அவ்வளவுதான் இலக்கணம். பரீட்சையில் இதைக் கடகடவென்று ஒப்பிக்காதவர் உங்களில் ஒருவரும் இல்லை, நானே காதால் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் இந்தக் கட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் உங்கள் வாயில் மிஞ்சுகிறது. பேராதனைப் பூங்கா வாசலில் சுற்றுலா வான்கள் நிற்கும் இடத்தில் போய் நின்று கேளுங்கள். பொதேமொஸ், பொதேமொஸ், பொதேமொஸ். இப்போது நாம் இறங்கலாம், இப்போது நாம் படம் எடுக்கலாம், இப்போது நாம் சாப்பிடலாம், அப்படியே நாம் இரத்தினக்கல் கடைக்கும் போகலாம். உடையாத சொல் என்பதால் நாக்குக்குச் சுகம். அதைவிடப் பெரிய சுகம் ஒன்று உண்டு. ‘நாம்’ என்று சொல்லிவிட்டால் யார் முடிவெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்குள் புகுந்துகொள்ளலாம்.

தமிழில் நமக்கு இன்னும் வசதி. ‘முடியாது’ என்று சொன்னால் போதும், யாரால் முடியாது என்று சொல்லவே தேவையில்லை. அரசாங்கக் கந்தோர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து வரும் ‘முடியாது’வுக்கு என்றைக்காவது ஆள் இருந்திருக்கிறதா? ஸ்பானியத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. சொல்லைத் திறந்தவுடனேயே ஆள் வெளியே வந்து நின்றுவிடுவார்.

இந்த ஒளிந்துகொள்ளும் வித்தையில் நான் உங்களுக்கெல்லாம் மூத்தவள். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் தோட்டத்தில் துரைக்கு முன்னால் யாரும் ‘நான்’ என்று சொல்லமாட்டார்கள். தன்னந்தனியாக நிற்கிற ஆள்கூட, ‘நாங்க பாக்கலீங்க, நாங்க அந்தப் பக்கம் போகலீங்க’ என்றுதான் சொல்வார். ‘நான்’ என்று சொன்னவர் கண்ணில் பட்டுவிடுவார், கண்ணில் பட்டவருக்கு வேலை கஷ்டமாகிவிடும். அதைக் கோழைத்தனம் என்று யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். அப்படித்தான் அவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு இந்த மொழி பள்ளிக்கூடத்தில் வரவில்லை. கண்டியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முன்கோபம் என்றால் அப்படி ஒரு முன்கோபம். பருப்பில் உப்புக் குறைந்தால் நேரே கடவுளிடமே முறையிடுவார். தன் மொழியில் சண்டை போட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குக் கற்றுத் தந்தார் என்று நினைக்கிறேன். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த வினைச்சொல்லையும் சும்மா ஒப்பிக்கக்கூடாது. புவேதோ என்று சொன்னால், என்ன முடியும் என்று உடனே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என்னால் இந்த அண்டாவைத் தனியாக இறக்க முடியும். என்னால் தேங்காய் திருவ முடியும். பொய் சொன்னால் அண்டாவை இறக்கிக் காட்டச் சொல்லுவார்.

ஒருநாள் ஒரு கூடை ஈரத்துணியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தபோது, முடியுமா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் பொதேமொஸ் என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தமிழ் அவருக்கு வார்டில் படுத்திருந்த எங்கள் ஆட்களிடமிருந்து வந்தது, அதனால் எங்கள் பேச்சிலேயே கேட்டார்: “மத்தவங்க எல்லாம் எங்க? எனக்கு ஒன்னய மட்டுந்தானே தெரியுது?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முடியாவிட்டால் ‘நோ புவேதோ’ என்று சொல், கூடையைக் கீழே வை என்றார். கீழே வைத்தேன். ஆளுக்கொரு பிடியாக இருவரும் தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட்டோம். என் வாழ்க்கையில் முதல்முதலாக ‘என்னால் முடியாது’ என்று சொல்லி, அதற்கு ஏச்சு வாங்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு நான் பரீட்சை எழுதியது, உரிமம் வாங்கியது, ‘தோட்டத்துப் பொம்பளைக்கு ஸ்பானியமா’ என்று சிரித்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தவைத்தது, இதெல்லாம் தனிக் கதை. விட்டுவிடுகிறேன். சம்பவத்துக்கு வருகிறேன்.

அப்போது கண்டியில் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கலாம் என்ற மாதிரி வேலை. என் வீட்டுக்காரருக்கு நடமாட முடியாத அளவுக்கு உடம்பு வருத்தம். அடுப்பு எரிவது என் உழைப்பில்தான். அந்தப் பருவத்தில் மனேஜர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஸ்பானியக் குழுவை ஒரு புகாரும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால், அடுத்த பருவத்திலிருந்து ஸ்பானியப் பயணங்கள் எல்லாம் எனக்கே, நிரந்தர வேலையாக. நிரந்தரம் என்ற சொல்லின் ருசி, அது கையில் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். நான் அதை மனதுக்குள் பலமுறை சுவைத்துப் பார்த்துவிட்டேன்.

குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ரமோன் என்று ஒருவர். நல்ல மனிதர், ஆனால் நேரம் தவறினால் பொறுக்கமாட்டார். கண்டியிலிருந்து கிளம்பி, திகனை, ஹுன்னஸ்கிரிய வழியாக பதினெட்டு வளைவு வீதியில் இறங்கி, மகியங்கனைக்கு அப்பால் ஒரு ஹோட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் விடியற்காலையில் யானை பார்க்க ஜீப் பயணம். இலங்கைக்கு வந்ததே அந்த யானைகளுக்காகத்தான் என்று ரமோன் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாரதி திகனையைச் சேர்ந்த நவ்ஷாத் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வீதியில் அவர் ஓட்டாத வாகனம் இல்லை. வாகனத்தை அவர் திருப்புவது, தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிப் போடுவது போல இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி அமைதி.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. ஹுன்னஸ்கிரியச் சந்திக்கு வரும்போது கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக மூடிக்கொண்டது. அதுவரை எனக்கு ஒரு பயமும் இல்லை. மழையிலும் மூடுபனியிலும் பிறந்து வளர்ந்த எனக்கு அதில் என்ன புதுமை? சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் ஒரு வளைவில் நானாவே வேகத்தைக் குறைத்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் பாறை இடுக்கிலிருந்து எப்போதும் கண்ணாடி மாதிரி தண்ணீர் வடியும் ஒரு இடம் உண்டு. அந்தத் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. வாகனம் எதுவும் போகாத நேரத்திலும் சின்னச் சின்னக் கற்கள் தாமாக உருண்டு வீதியோரக் கானுக்குள் விழுந்தன. எங்கள் தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் லயத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அது சாத்திரமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. பட்ட அனுபவம்.

வாகனத்தைத் திருப்பிச் சந்திக்குக் கொண்டுவரச் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் எல்லாரையும் உட்காரவைத்து ப்ளேன்ட்டி வாங்கிக் கொடுத்தேன். இனிமேல்தான் கூத்து.

முதலில் சந்தியில் மழைக்கோட்டோடு நின்ற பொலிஸ்காரரிடம் போனேன். வீதி மூடச் சொல்லி உத்தரவு வரவில்லை, மலைப்பகுதிக்கு எச்சரிக்கை மட்டும்தான் விட்டிருக்கிறார்கள், போக விரும்பினால் போகலாம் என்றார். போகலாமா என்று திரும்பக் கேட்டேன். போகிறவர்கள் போகிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர்.

பிறகு மனேஜருக்கு அழைத்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியிலேயே தலை நரைத்தவர் அவர். கெட்டவர் இல்லை. அன்றைக்கு அறைகள் வீணானால் அது அவர் தலையில்தான் விடியும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ரோட்டு திறந்துதான் கிடக்கு. எங்கட மற்ற குழுவும் இப்பதான் அதால இறங்கிப் போனது. நீங்கள் ஏன் வீணா யோசிக்கிறியள்? மெல்ல மெல்லப் போங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தி, நான் சொன்ன விசயம் ஞாபகம் இருக்குத்தானே என்று கேட்டார். நிரந்தர வேலையைத்தான் சொன்னார். மறக்கக்கூடிய விசயமா அது?

ரமோன் எழுந்து வந்தார். ஏன் நிற்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். வெளியே எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு அதே வளைவுப் பக்கம் உறுமிக்கொண்டு போனது. அவர் பேருந்தைக் காட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். வாகனம் ஓட்டுகிறவரைக் கேளுங்கள், அவரால் முடிந்தால் போகலாம்தானே என்றார். நியாயமான கேள்வி. எல்லாரும் தேத்தண்ணியை வைத்துவிட்டு நவ்ஷாத் நானாவைப் பார்த்தார்கள்.

நான் அவரிடம் தமிழில் கேட்டேன். அவர் கடை வாசலில் ஈரச் செருப்போடு நின்று, என்னைப் பார்க்காமல் வாகனத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போகேலும் மிஸ். பாப்போம்.”

இந்த ஊரில் வாகனம் ஓட்டுகிறவர்களோடு பழகாதவர்களுக்கு, போக முடியும் என்கிற இந்தப் பதில் சம்மதம் மாதிரி இருக்கும். தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்கு இதில் தப்பு செய்யாமல் இருக்க வேண்டும், அதனால் கவனமாகக் கேளுங்கள். கண்டிப் பக்கத்துச் சாரதி விருந்தாளிகளுக்கு முன்னால் ‘ஏலாது’, முடியாது என்று சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த பயணம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவரால் சொல்லக்கூடிய உச்சபட்ச மறுப்பு ‘பாப்போம்’ என்பதுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன ‘பாப்போம்’ என்றால், ‘நான் பயந்துபோய் இருக்கிறேன், நீங்களாவது நிறுத்துங்கள்’ என்று அர்த்தம். அத்தனை வருடம் ஒரே வாகனத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் நான். எனக்கு அது தெரியாதா?

எனக்கு முன்னால் அப்போது ஒரு சுலபமான வழி இருந்தது. சாரதி பயப்படுகிறார் என்று ரமோனிடம் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. எல்லாரும் தலையை ஆட்டியிருப்பார்கள், வாகனம் திரும்பியிருக்கும், என் பெயரும் கெட்டிருக்காது. நானாவின் பெயர்தான் கெட்டிருக்கும். மறுநாளே பயந்த சாரதி என்று கண்டி முழுக்கப் பரவியிருக்கும். இன்னொரு வழியும் இருந்தது, எல்லாரும் போகும் வழி. பொதேமொஸ் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வது. ஏதாவது நடந்தால் பொலிஸ், மனேஜர், சாரதி, ரமோன், நான் என்று ஐந்தாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும், ஒருவருக்கும் கனக்காது.

ரமோன் கேட்டார், முடியுமா முடியாதா என்று. அந்த மொழியிலேயே கேட்டார், ‘பொதேமொஸ் ஓ நோ பொதேமொஸ்?’

நான், “யோ நோ புவேதோ” என்றேன். என்னால் முடியாது. சாரதியிடம் கேட்டது என் தவறு, இந்த முடிவு அவருடையது இல்லை என்றேன். வீதி திறந்திருக்கிறது, அதுவும் உண்மை. உங்களைக் கூட்டிக்கொண்டு இந்த மேட்டுக்குக் கீழே போக என்னால் முடியாது. வேறு யாராவது கூட்டிக்கொண்டு போவதானால் நான் தடுக்கமாட்டேன், ஆனால் அந்த வாகனத்தில் நான் இருக்கமாட்டேன், என் பெயரும் இருக்காது. தெளிவாகச் சொன்னேன்.

ரமோனின் மனைவி ஏதோ சொல்ல வந்தார், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வேறு வழிகாட்டியை எங்கே தேடுவது, அந்த மழையில்? நானா போய் வாகனத்தைத் திருப்பி நிறுத்தினார். திகனைக்குத் திரும்பி, அவருக்குத் தெரிந்த ஒரு சின்ன விடுதியில் எல்லாரையும் தங்கவைத்தோம். படுக்கை விரிப்புகளில் ஈர வாடை. சுடுதண்ணீர் இல்லை. சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். கருவாட்டு வாடைக்கு ஒருவர் சாப்பிடாமலே எழுந்துபோனார். நான் சமையலறையில் போய் அவருக்கு முட்டை பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதையும் அவர் வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில் உங்கள் முகங்கள் எனக்குத் தெரிகின்றன. சரிந்ததுதானே என்று கேட்கிறீர்கள். சொல்லுங்கள் மேடம், மேடு சரிந்து வீதி அடைபட்டது, மறுநாள் ரமோன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சொல்லுங்கள். அப்படிக் கதை சொல்ல எனக்கும் ஆசைதான்.

சரியவில்லை.

மறுநாள் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. அதே வீதியில், அதே வளைவில், அதே மேட்டுக்குக் கீழே நாங்கள் போனோம். ஊற்றுத் தண்ணீர் தெளிந்து வந்துகொண்டிருந்தது. கானில் நாலு கல்லும் கொஞ்சம் சேறும் கிடந்தன. முதல் நாள் எங்களுக்கு முன்னால் இறங்கிப்போன மற்றக் குழுவின் வழிகாட்டி, ஹோட்டல் நீச்சல் குளத்தில் எல்லாரும் கையசைக்கும் படம் ஒன்றை எங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். யானைகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப்புகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ரமோன் பயணம் முடியும்வரை என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஊருக்குப் போனதும் புகார் எழுதினார்.

மனேஜர் என்னையும் நவ்ஷாத் நானாவையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எனக்கு முன்னாலேயே நானாவிடம் கேட்டார், அன்றைக்கு அந்த வீதியில் போயிருக்கலாமா இல்லையா என்று. நானா மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். “போயிருக்கேலும் சேர்” என்றார்.

எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் நிற்கும்போது போய்விட்டது. கலியாணத்துக்கு நிற்கிற மகள்மார் இருக்கிற மனிதர். அவர் ‘ஏலாது’ என்று சொல்லியிருந்தால் இன்னொரு வீட்டு அடுப்பும் சேர்ந்து அணைந்திருக்கும். நான் அவரைக் காப்பாற்றியது, பிறகு அவர் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இல்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். தனியாக முடிவெடுக்கிறவர் தனியாகத்தான் ஏச்சு வாங்க வேண்டும்.

நானா போன பிறகு மனேஜர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உண்மையாகவே எனக்கு உதவத்தான் பார்த்தார், அதை இன்றைக்கும் சொல்வேன். ரமோன் பெரிய ஆள், அவர் மூலமாகத்தான் அந்தக் குழுக்கள் எல்லாம் வருகின்றன. இப்போதே அவருக்கு அழைக்கிறேன், நீங்கள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், எல்லாம் முடிந்துவிடும், அடுத்த பருவம் நான் சொன்னபடியே என்றார். “ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடப்போறியள்?”

தொலைபேசியை மேசைமேல் வைத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார். இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். மனேஜருக்கு ஸ்பானியம் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் ரமோனிடம் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டாயிற்று சேர், அவரும் ஏற்றுக்கொண்டார் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது. வீட்டில் மருந்துப் போத்தல் காலியாகப் போகிறது. ஒருவருக்கும் நட்டமில்லாத பொய். இந்தத் தொழிலில் இப்படி எத்தனை பொய்கள் நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ரமோன் பேசினார். யானை தவறிப்போனதற்கு உண்மையாகவே வருந்துகிறேன், விடுதியும் சாப்பாடும் மோசம், அதற்கும் வருந்துகிறேன் என்றேன். வீதிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் தெரியும் என்றேன். ஆனால் நிறுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு நீங்கள் திரும்பி வந்து, அதே மழையும் அதே தண்ணீர் நிறமும் இருந்தால், நாளைக்கும் அங்கேதான் நிறுத்துவேன் என்றேன். அதற்கு அவர், நீங்கள் பிடிவாதம் பிடித்தவர், உங்களோடு இனி ஒருபோதும் பயணம் செய்யமாட்டேன் என்றார். வைத்துவிட்டார்.

மனேஜர் ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டார்.

“நான் பிடிவாதம் புடிச்சவளாம் சேர். இனிமே என்கூட வரமாட்டாராம்.”

“நீங்கள் மன்னிப்புக் கேட்டனீங்கள்தானே?”

“யானைக்குக் கேட்டேன், சாப்பாட்டுக்குக் கேட்டேன். நிப்பாட்டுனதுக்குக் கேக்கல சேர்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை கோபம் இல்லை, அயர்ச்சி. பொய்யாவது சொல்லியிருக்கக்கூடாதா என்பது போன்ற பார்வை. நான் எழுந்து கதிரையை உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் என்னை ஒரு பயணத்துக்கும் கூப்பிடவில்லை. அடுத்த பருவம் முழுக்க வீட்டில் கஷ்டம்தான். நிரந்தரம் என்பது கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடைத்த வேலைகளில் ஓய்வு வயதைத் தொட்டேன். சிலர், பாவம் அந்த மனுசி அவசரப்பட்டுத் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

நிறுத்தியதை நியாயப்படுத்த ஒரு மண்சரிவு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு ஆபத்தானவர்கள். நடக்காத விபத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு என் கண்ணில் பட்டது சேற்றுத் தண்ணீரும் தானாக உருண்ட கல்லும். கையில் இருந்தது பிறர் உயிர். அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். மறுநாள் வெயிலை வைத்து முந்தின நாள் மழையில் முடிவெடுக்க எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

அந்த மேடு இன்றைக்கும் ஒன்றும் ஆகாமல் அங்கேயேதான் நிற்கிறது. நீங்கள் குழுக்களைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவால் போகும்போது, ஒரு காலத்தில் ஒரு பைத்தியக்காரி பயந்துபோய் இங்கே வாகனத்தைத் திருப்பினாள் என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வையுங்கள். எனக்கு வெட்கமில்லை. மழை நாளாக இருந்தால் மட்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.